போன் திரையில் கோடு போட்டது யார்?

சென்னை ரிச்சி தெருவில், ஒரு ஆள் குறுக்கே நின்றாலே நிறைந்துவிடுகிற அளவுக்கு ஒரு கடை. போனை நீட்டினேன். வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. திரையின் கீழ்ப்பக்கம் இரண்டு கோடுகள். ஒன்று சாம்பல் நிறத்தில், ஒரு அங்குல நீளத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்று தலைமுடி மாதிரி. போனைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும்.

"சாவியையும் போனையும் ஒரே பாக்கெட்ல போட்டுட்டேன் தம்பி. கிளாஸ் மட்டும் மாத்த முடியுமா?"

பையன் பதில் சொல்லவில்லை. மேசை விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெருவிரல் நகத்தைப் பெரிய கோட்டின் குறுக்கே மெதுவாக ஓட்டினான். "நகம் மாட்டல சார்" என்றான். சிம் கார்டு துடைக்க வைத்திருந்த ரப்பரை எடுத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இருக்கும் அதே வெள்ளை ரப்பர்தான். நான்கு தேய்ப்பு. கோட்டைக் காணோம்.

"இது கீறல் இல்ல சார். சாவி விட்ட கறை."

அடுத்து அந்த முடி போன்ற கோட்டில் நகத்தை ஓட்டினான். ஓரிடத்தில் லேசாக இடறியது. "இதுதான் கீறல். பீச்சுக்குப் போனீங்களா?"

போயிருந்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எலியட்ஸ் பீச்சில் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் துண்டின் மேல் கிடந்த போனை எடுத்துச் சட்டை நுனியால் ஒரு துடைப்புத் துடைத்தேன். பயந்தது சாவிக்கு, வேலையைக் காட்டியது மணல். ஏன் என்று பார்த்தால், கதை நகைக்கடையில் தொடங்குகிறது.

பழைய நகையை விற்கப் போனால் ஆசாரி முதலில் உரைகல்லை எடுப்பார். கருங்கல் துண்டில் நகையை ஒரு இழுப்பு இழுப்பார். கல்லில் மஞ்சளாக ஒரு கோடு விழும். அந்தக் கோடு கல்லில் விழுந்த கீறலா? இல்லை. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேய்ந்தது தங்கம்; கல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது தங்கத்தின் துகள். இரண்டு பொருள்கள் உரசினால் மெத்தென்றிருப்பதுதான் தன்னை இழக்கும், கடினமானது அப்படியே இருக்கும். என் சாவிக்கும் போன் கண்ணாடிக்கும் நடந்ததும் இதுதான். கண்ணாடி உரைகல்லாக இருந்து, சாவியிடமிருந்து கொஞ்சம் உலோகத்தை வாங்கி வைத்துக்கொண்டது. அதைத்தான் பையன் ரப்பரால் அழித்தான்.

இந்த 'யார் யாரைக் கீறுவார்' என்ற போட்டியை வரிசைப்படுத்தியவர் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மன் கனிமவியலாளர். 1812ல் பத்துக் கனிமங்களை எடுத்து, ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைக் கீறும்படி அடுக்கினார். மாக்கல்லுக்கு 1, ஜிப்சத்துக்கு 2, கால்சைட்டுக்கு 3 என்று தொடங்கி, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7, வைரத்துக்கு 10 என்று முடியும். இது வெறும் வரிசை எண், தராசு எடை மாதிரி அளவு இல்லை. ஒன்பதாம் இடத்தில் இருக்கும் குருந்தத்தைவிடப் பத்தாம் இடத்து வைரம் பல மடங்கு கடினம். இருந்தாலும் நம் கேள்விக்கு இந்த வரிசையே போதும்.

நகம் சுமார் 2.5. செம்பு 3. பூட்டுச் சாவிகள் பெரும்பாலும் பித்தளை. 3லிருந்து 4க்குள் வரும். சாதாரண எஃகுக் கத்தி 5.5 பக்கம். ஜன்னல் கண்ணாடியும் ஏறக்குறைய அங்கேதான். இப்போதைய போன் திரைக் கண்ணாடிகளில் மோஸ் வரிசையின் 6ஆம் எண் அளவுக்குக் கடினமான ஊசியால் கீறினால்தான் மெல்லிய கோடு விழ ஆரம்பிக்கும். 7ல் ஆழமாக விழும். பாக்கெட்டில் கிடக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகு. அவையும் கண்ணாடிக்குக் கீழேதான். ஆக சாவி, சில்லறை, ஹேர்பின் எல்லாவற்றுக்கும் இந்த வழக்கிலிருந்து விடுதலை.

விடுதலை ஆகாதவை எவை? கைவிரலைப் பாருங்கள். நவரத்தின மோதிரம் போட்டிருந்தால் அதில் ஒரு சிறிய மோஸ் அட்டவணையே இருக்கிறது. வைரம் 10. மாணிக்கம், நீலம், மஞ்சள் புஷ்பராகம் மூன்றும் குருந்த வகை, 9. வைடூரியம் 8.5. மரகதம் 7.5க்கு மேல். கோமேதகம் 7 பக்கம். இந்த ஏழும் போன் திரையைக் கீறக்கூடியவை. முத்தும் பவளமும் மட்டும் சாது. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிற கல்லும் 8க்கு மேல். வைரத்தோடு போட்ட பாட்டி போனைக் காதோடு அழுத்திப் பேசுகிற வீட்டில், திரையின் மேல் ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுக் கீறல்கள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடி அறுக்கவே வைர முனையைத்தானே வைத்திருக்கிறார்.

ஆனால் எல்லார் விரலிலும் வைரம் இல்லை. எல்லார் போனிலும் கீறல் இருக்கிறது. அங்கேதான் குவார்ட்ஸ் வருகிறது.

மணல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு குவார்ட்ஸ்தான். பாறை உடைந்து, ஆற்றில் உருண்டு, கடலில் அலைக்கழிந்து வருவதற்குள் மெத்தென்ற கனிமங்கள் எல்லாம் மாவாகிக் கரைந்துபோகும். கடைசி வரை தாக்குப்பிடிப்பது குவார்ட்ஸ். கடற்கரை மணல் அதனால்தான் கடினம். மற்றதெல்லாம் தோற்றுப்போன பிறகு மிச்சம் இருப்பது அது. அலை வடிந்த பிறகு கருப்பும் கருஞ்சிவப்புமாக வரிவரியாகப் படிகிறதே, அதில் இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள் இருக்கும். கார்னெட்டும் 7ஐச் சுற்றித்தான். ஒரு கைப்பிடி பீச் மணலில் போன் திரையைவிடக் கடினமான துகள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

சென்னைக்கு இதில் தனிப் பாக்கியம். மெரினா இவ்வளவு அகலமாக எப்போதும் இருந்ததில்லை. நம் கரையோரமாகக் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் சேர்ந்தது, மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்று கரை அரித்தது. அது தனிக் கதை, வடசென்னை மீனவர்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை. நம் கதைக்கு வேண்டியது, ஊரின் கிழக்கு எல்லை முழுக்க அகலமான ஒரு மணல் தாள் விரித்துக் கிடக்கிறது என்பதும், மதியத்துக்கு மேல் கடற்காற்று அதை ஊருக்குள் தூவுகிறது என்பதும்தான்.

மேற்கே போனால் பாறை. பரங்கிமலையும் பல்லாவரமும் நிற்கும் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல் இந்த வகை என்பதால், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹாலண்ட் 1893ல் அவர் பெயரையே வைத்தார். கல் இங்கே இருந்து போனது, பெயர் அங்கே இருந்து வந்தது. இந்தப் பாறையில் என்ன இருக்கிறது? குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார். அதாவது 7ம் 6ம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் குவாரிகளில் கடினப் பாறைகளை உடைத்து அரைத்துத்தான் எம்-சாண்ட் வருகிறது. ஆற்று மணலாவது உருண்டு உருண்டு முனை மழுங்கியிருக்கும். இயந்திரத்தில் உடைத்த மணலுக்கு முனை அப்படியே கூர்மையாக நிற்கும். இந்த மணலை ஏற்றிக்கொண்டு தார்ப்பாய் சரியாக மூடாத லாரி ஒன்று உங்கள் முன்னால் ஜி.எஸ்.டி. ரோட்டில் போனால், பைக்கின் ஹேண்டில்பாரில் மேப் காட்டிக்கொண்டிருக்கும் உங்கள் போனுக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக 118.9 கிலோமீட்டருக்கு ஊரைத் தோண்டியிருக்கிறார்கள். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மாதவரத்திலும் போரூரிலும் மணல் நன்றாகவே பறந்தது.

சரி, தூசி திரையில் உட்கார்ந்தால் மட்டும் கீறல் விழுந்துவிடுமா? விழாது. அதற்கு நம் உதவி வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 100 கிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தில் விரல் திரையைத் துடைக்கிறது என்று வையுங்கள், அதிகமொன்றும் இல்லை. விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மணல் துகள். அதன் ஒரு முனை கண்ணாடியைத் தொடும் இடம் நீளம் அகலம் இரண்டிலும் 10 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு என்று கொள்வோம். அந்த 100 கிராமும் அந்த இடத்தில் இறங்கினால், அங்கே அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு. கண்ணாடி இதைத் தாங்காது. துகள் கொஞ்சம் உள்ளே இறங்கும். நாம் துடைக்கிறோம் என்று நினைத்துக் கையை இழுக்கும்போது அது உழுதுகொண்டே போகும். வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, டி-ஷர்ட், எதனால் துடைத்தாலும் இதேதான். பருத்தித் துணி குற்றவாளி இல்லை, துணியில் சிக்கியிருக்கும் துகள்தான். நம் வீடுகளில் பாத்திரத்தை உமிச் சாம்பல் போட்டுத் தேய்த்த காலம் ஒன்று உண்டு. உமிச் சாம்பலில் 80 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, குவார்ட்ஸ் எதனால் ஆனதோ அதே பொருள். தேய்த்தால் ஏன் பாத்திரம் பளபளத்தது என்று இப்போது புரியும். தூசி படிந்த போனை உலர்ந்த துணியால் துடைப்பதும் பாத்திரம் விளக்குகிற அதே வேலைதான்.

இந்தக் கீறல்கள் கண்ணுக்குத் தெரியும் விதமும் பாத்திரத்தில் உள்ளதுதான். பழைய எவர்சில்வர் தட்டை பல்பு வெளிச்சத்தில் பிடித்தால் பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். உண்மையில் தட்டில் வட்டக் கோடுகள் இல்லை. எல்லாத் திசையிலும் கண்டபடி கீறல்கள் இருக்கின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் நம் கண்ணுக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடும், அதனால் வட்டம் போலத் தோன்றும். ஒரு வருஷம் ஓடிய போனை அணைத்துவிட்டு, கருப்புத் திரையில் தெருவிளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி அதே வட்டம். திரை எரியும்போது அதன் வெளிச்சத்தில் இதெல்லாம் அமுங்கிப்போகும்.

அப்படியானால் சாவியைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது? அது பொய்ப் பயம் இல்லை, பழைய பயம். பட்டன் போன் காலத்தில் திரைக்கு மேலே இருந்தது பிளாஸ்டிக். மோஸ் வரிசையில் 3 பக்கம்கூட நிற்குமா என்பது சந்தேகம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்த 2006ல், ஊரில் பாதிப் பேர் கையில் அப்படிப்பட்ட போன்தான். அதற்கு மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, உறையும் கீறி மங்கிப்போய், நேரம் பார்க்கவே கண்ணைச் சுருக்கிய காலம் அது. அப்புறம் வந்த முதல் தலைமுறை டச் போன்கள் பலவற்றில் குச்சியால் அழுத்த வேண்டும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் படலம் வளைந்து கீழே இருக்கும் கண்ணாடியைத் தொட்டால்தான் போனுக்கு எங்கே அழுத்தினோம் என்று தெரியும். வளைய வேண்டும் என்பதால் அது மெத்தென்றுதான் இருந்தாக வேண்டும், மெத்தென்றிருந்தால் கீறத்தான் செய்யும். ஒரே விளையாட்டை மாதக்கணக்கில் ஆடியவர்களின் திரையில் குச்சி போன தடமே பள்ளமாகத் தெரியும்.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய ஐபோனின் முகப்பும் முதலில் பிளாஸ்டிக்தான். பாக்கெட்டில் சாவியோடு போட்டு வைத்துப் பார்த்ததில் கீறல் விழுந்ததும், கண்ணாடிதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதும், கார்னிங் நிறுவனம் 1960களில் கண்டுபிடித்துச் சந்தை இல்லாமல் ஒதுக்கி வைத்திருந்த உறுதியூட்டிய கண்ணாடி வேலையை மறுபடி கையில் எடுத்ததும் பலமுறை எழுதப்பட்ட வரலாறு. ஜூன் 29ஆம் தேதி அந்தப் போன் விற்பனைக்கு வந்தபோது முகப்பு கண்ணாடி. விரலின் மின்தன்மையைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள வலை உணர்ந்துகொள்ளும், எதுவும் வளைய வேண்டியதில்லை. மேலே கீறல் விழுந்தாலும் டச் வேலை செய்வது இதனால்தான். அன்றோடு சாவி என்ற எதிரி தோற்றுப்போனது. நம் பயம் மட்டும் இத்தனை வருஷமாக அதே பாக்கெட்டில் கிடக்கிறது.

இந்தக் கண்ணாடியை எப்படி உறுதியாக்குகிறார்கள் என்பது நம் ஷேர் ஆட்டோவில் நடப்பதுதான். கண்ணாடிக்குள் சோடியம் அயனிகள் இருக்கின்றன, ஒல்லியான ஆட்கள். சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட் தொட்டியில் கண்ணாடியை முக்கி வைத்தால், மேற்பரப்பில் உள்ள சோடியம் இறங்கிவிட, அதே இடத்தில் பொட்டாசியம் ஏறி உட்காரும். பொட்டாசியம் பருமனான ஆள். மூன்று ஒல்லிப் பேர் இருந்த சீட்டில் மூன்று குண்டுப் பேர் உட்கார்ந்தால் எப்படி நெருக்கியடிக்கும்? அந்த நெருக்கல்தான் பலம். கண்ணாடியில் விரிசல் வாய் திறக்கப் பார்க்கும்போது பக்கத்து ஆட்கள் இருபுறமும் நெருக்கி அதை மூடிவிடுவார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் இது. நெருக்கல் தடுப்பது முக்கியமாக விரிசலை. கண்ணாடியின் மேற்பரப்பு இதனால் குவார்ட்ஸைவிடக் கடினமாகிவிடவில்லை. 'ஸ்ட்ராங்கான கிளாஸ்' என்றால் உடையாதது, கீறாதது இரண்டும்தான் என்று நாம் சேர்த்துப் புரிந்துகொள்கிறோம். விளம்பரமும் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவசரப்படுவதில்லை. மக்கள் அதிகம் அழுவது கீழே விழுந்து உடைந்ததற்கு. அதனால் கண்ணாடித் தயாரிப்பாளர்களின் கவனமும் பெரும்பாலும் அங்கேதான் போயிற்று. 2018ல் வந்த கொரில்லா கிளாஸ் 6, 1 மீட்டர் உயரத்திலிருந்து சொரசொரப்பான தரையில் விழுந்தாலும் சராசரியாக 15 முறை தாங்கும் என்று கார்னிங் பெருமையாகச் சொன்னது. கீறலையும் சேர்த்து இரட்டிப்பு முன்னேற்றம் என்று அவர்களே பேசியது 2020ல், விக்டஸ் என்ற அடுத்த கண்ணாடி வந்தபோதுதான். அதுவும் மணலை வென்றுவிடவில்லை.

கீறலும் உடைப்பும் தனித்தனி என்றேன், ஆனால் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். கண்ணாடி ஏன் அதன் கணக்கில் இருக்க வேண்டிய பலத்தில் ஒரு சிறு பங்கிலேயே உடைகிறது என்பதற்கு 1920ல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் விடை சொன்னார்: மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் முனையில் விசை எல்லாம் குவிகிறது, உடைப்பு அங்கிருந்து கிளம்புகிறது. போன் கண்ணாடியின் நெருக்கல் அடுக்கு சில பத்து மைக்ரான் ஆழம்தான். கீறல் அதற்குள் நின்றால் பார்க்க அசிங்கம், அவ்வளவே. அதைத் தாண்டி இறங்கிவிட்டால், அடுத்த முறை போன் கீழே விழும்போது விரிசல் அங்கிருந்தே ஓடும். ஓரத்தில் உள்ள கீறலுக்கு நடுவில் உள்ளதைவிட மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று ரிப்பேர்காரர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

"மோஸ் 9 இருக்கிற நீலக்கல்லிலேயே திரை செய்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். செய்து பார்த்தார்கள். ஆப்பிள் 2013ல் அமெரிக்காவில் ஜிடி அட்வான்ஸ்டு என்ற நிறுவனத்தோடு சேர்ந்து செயற்கை நீலக்கல் ஆலைக்குப் பணம் போட்டது. 2014 அக்டோபரில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நீலக்கல் கண்ணாடியைவிடக் கனம், வெளிச்சத்தை அதிகம் திருப்பி அடிக்கும், விலை எங்கோ இருக்கும், வளைக்கப் பார்த்தால் பட்டென்று போகும். கேமரா லென்ஸ் மூடிக்கும் விலை உயர்ந்த கைக்கடிகாரத்துக்கும் சரி, ஆறரை அங்குலத் திரைக்கு இதுவரை ஒத்துவரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் மடக்கு போன்கள் நம்மைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டன. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இருந்தாலும், அதற்கு மேல் இருப்பது பிளாஸ்டிக் படலம். நகத்தால் அழுத்தாதீர்கள் என்று கம்பெனியே எச்சரிக்கிறது. அந்த வீட்டில் சாவிக்கு மறுபடி பயப்படலாம்.

இனி டெம்பர், அதாவது திரைக்கு மேல் ஒட்டுகிற பாதுகாப்புக் கண்ணாடி. "9எச் சார், வைரத்துக்கு அடுத்தது" என்று சொல்லாத கடை பர்மா பஜாரிலிருந்து வேளச்சேரி வரை கிடையாது. சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையிலும் 9எச் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அந்த 9 மோஸ் வரிசையின் 9 கிடையாது. அது பென்சில் எண். நாம் பள்ளியில் எச்பி பென்சில் வாங்கினோமே, அதே எச். பெயின்ட் பூச்சு எவ்வளவு உறுதி என்று பார்க்க, 750 கிராம் எடை வைத்து 45 டிகிரி சாய்வில் பென்சிலைத் தள்ளிக் கீறிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அந்த வரிசையில் கடைசி, மிகக் கடினமான பென்சில் 9எச். 9எச் டெம்பர் என்றால் அந்தப் பென்சிலால் கீற முடியாத கண்ணாடி என்று அர்த்தம். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும். சமையலறை ஜன்னல் கண்ணாடியும் இந்தச் சோதனையில் நிம்மதியாகத் தேறிவிடும். 11டி, 21டி என்பதெல்லாம் என்ன அளவு என்று கேட்டால் கடைக்காரரே சிரித்துவிடுவார்.

அதற்காக டெம்பர் வீண் என்று சொல்ல வரவில்லை. 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தத் துண்டு, போன் கண்ணாடியைவிடப் பலவீனமானது, அதனால்தான் உபயோகம். திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி, வர வேண்டியதெல்லாம் அதற்கு வரட்டும். விழுந்தால் அது உடையும், துடைத்தால் அது கீறும், 150 ரூபாயில் மாற்றிவிடலாம். பலரும் 'என் போனில் கீறல்' என்று சொல்வது டெம்பரில் விழுந்த கீறலைத்தான். எடுத்துப் பார்த்தால் உள்ளே புதுப் போன் மாதிரி இருக்கும்.

இன்னொரு போலிக் கீறலும் உண்டு. திரையின் ஒரு பகுதி மட்டும், முக்கியமாகக் கட்டைவிரல் ஓடுகிற இடம், மங்கலாக, எண்ணெய் பிசுக்கோடு, எவ்வளவு துடைத்தாலும் தெளியாமல் இருக்கும். அது கண்ணாடியின் மேல் தடவிய, சில நானோமீட்டர் தடிமனே உள்ள எண்ணெய் ஒட்டாப் பூச்சு தேய்ந்துபோனது. சோதிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பூச்சு இருக்கும் இடத்தில் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும், போன இடத்தில் பரவி ஓடும். கொரோனா சமயத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை சானிடைசரால் போனைக் குளிப்பாட்டியவர்களில் பலர் இந்தப் பூச்சைச் சீக்கிரமே இழந்திருப்பார்கள். இழப்பதற்கு இன்னும் விரைவான வழி, வாட்ஸ்அப்பில் வரும் பற்பசை வைத்தியம். பற்பசையில் இருக்கும் பொடி பல்லைத் தேய்க்க உரியது, கண்ணாடியில் பள்ளத்தை நிரப்பாது. சுற்றியுள்ள பூச்சை மட்டும் வழித்து எடுத்துவிடும். கண்ணாடிக்கென்றே உள்ள சீரியம் ஆக்சைடு பொடியைப் போட்டு மணிக்கணக்கில் தேய்த்தால் கீறல் மறையும்தான். ஆனால் கீறலின் ஆழம் வரை சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும், நெருக்கல் அடுக்கும் கூடவே போகும். குழியை மறைக்க ரோட்டையே வெட்டித் தாழ்த்துகிற வேலை.

பீச்சிலிருந்து வந்தால் என்ன செய்வது என்று பையனிடமே கேட்டேன். "மொதல்ல ஊதுங்க சார். அப்புறம் ஈரத் துணிய மேல ஒத்தி ஒத்தி எடுங்க, இழுக்காதீங்க. மணல் போனதுக்கு அப்புறம் தொடைங்க." கண் கண்ணாடிக்கு அம்மா சொன்ன அதே பக்குவம்தான். தண்ணீர் தாங்கும் போனாக இருந்தால் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுவது இன்னும் நல்லது.

கிளாஸ் மட்டும் மாற்றுவது பற்றி அவன் உற்சாகம் காட்டவில்லை. திரையைச் சூடாக்கி, மெல்லிய கம்பியை நடுவில் ஓட்டிக் கண்ணாடியைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, ஓசிஏ என்ற தெளிவான புதுப் பசைத் தாளை ஒட்டி அழுத்த வேண்டும். கம்பி கொஞ்சம் இறங்கினால் டிஸ்ப்ளே காலி, அப்புறம் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த காம்போவே மாற்ற வேண்டிவரும். "இந்த ஒரு கோட்டுக்கா சார்? டெம்பர் போடுறேன், கோடு தெரியாது."

நான் நம்பவில்லை. அவன் ஈரத் துணியால் ஒத்தினான், பிறகு துடைத்தான், நீல ஸ்டிக்கரால் மிச்சத் தூசியைத் தொட்டுத் தொட்டு எடுத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு டெம்பரை இறக்கி நடுவில் ஒரு விரலை வைத்தான். பசை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லப் பரவியது. விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கோடு இல்லை. பள்ளத்தில் காற்று இருந்த வரை அது ஒளியைச் சிதறடித்தது. பசை புகுந்து நிரம்பியதும், ஒளியைப் பொறுத்தவரை அங்கே பசைக்கும் கண்ணாடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கீறல் அங்கேதான் இருக்கிறது, தெரிய வழியில்லை.

200 ரூபாய் கொடுத்தேன். 150 எடுத்துக்கொண்டு ஐந்து பத்து ரூபாய் நாணயங்களாகத் திருப்பிக் கொடுத்தான். போன் இருந்த பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்தேன்.